சி.இ.ஏ. ரிப்போர்ட்: எடுப்பது, எழுதி வைப்பது, படிப்பது

சி.இ.ஏ. என்பது பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகள் பலவும் ரத்தத்தில் விடும் ஒரு புரதம்; நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க அதன் அளவைப் பார்ப்பார்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் நடக்கும். கீமோ சிலருக்கு நாகர்கோவிலில். ரத்தப் பரிசோதனை மட்டும் அன்றைக்கு எந்த லேப் கைக்கு எட்டுகிறதோ அங்கே. சி.இ.ஏ. விஷயத்தில் இதுதான் முதல் கோளாறு. மெஷினும் அதில் ஊற்றும் மருந்தும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே ரத்தம் ஓரிடத்தில் 4.1, இன்னோரிடத்தில் 5.6 என்று வரலாம். நோய் ஏறியிருக்காது, மெஷின் மாறியிருக்கும்.

அதனால் ஒரே லேபைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒருமுறை ஒரே நாளில் இரண்டு இடத்திலும் ரத்தம் கொடுத்து, புதிய லேபின் எண்ணை அங்கிருந்து கணக்கிடத் தொடங்குங்கள். நோட்டில் தேதி, எண், லேப், ரிப்போர்ட்டில் இருந்தால் சோதனை முறையின் பெயர், அந்த வாரம் காய்ச்சலோ கீமோவோ இருந்ததா என்பது, இவ்வளவும் வேண்டும்.

முதல் எண் ஆபரேஷனுக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு ஒப்பிட ஆதாரமே இருக்காது. ஒரு மில்லிக்கு 5 நானோகிராமுக்கு மேல் இருந்தால், அதே கட்டத்தில் உள்ள மற்றவர்களைவிட நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர் எடுத்துக்கொள்வார். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு நோயில்லாமலே கொஞ்சம் கூடும். இந்தப் புரதத்தைக் கழிப்பது ஈரல் என்பதால் ஈரல் கெட்டாலும் மஞ்சள்காமாலை வந்தாலும் கூடும். உடம்பில் நோய் இருக்கிறதா என்று சும்மா பார்க்க இந்த டெஸ்ட் உதவாது.

கட்டி முழுதாக அகற்றப்பட்டால் 4 முதல் 6 வாரத்தில் எண் இறங்கிவிடும். பத்தாம் நாளே எடுத்துவிட்டு ‘இன்னும் இறங்கவில்லையே’ என்று பதறுவதில் அர்த்தமில்லை. 6 வாரம் தாண்டியும் இறங்காவிட்டால் எங்கோ மிச்சமிருக்கிறதா என்று தேட வேண்டும். அதன்பின் முதல் 2 வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5 வருஷம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை. வெறும் வயிறு தேவையில்லை; சாயா குடித்துவிட்டே போகலாம். முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டாக்டரிடம் கேட்டு மூன்று நாள் முன்பே நிறுத்தலாம்.

ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறத் தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரத்தில் எண் கூடுவதை வைத்து ‘கீமோ பலிக்கவில்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. மருந்து பட்டு செல்கள் சாகும்போதும் சி.இ.ஏ. ரத்தத்தில் கொட்டும்.

ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்), ஆல்புமின் (ஈரல் செய்யும் ரத்தப் புரதம்) இரண்டும் இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் வைத்து நோயின் போக்கைக் கணிக்க 0 முதல் 2 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் மதிப்பெண் 0. அதைத் தாண்டினால் 1. தாண்டியதோடு ஆல்புமினும் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் 2. மதிப்பெண் கூடக்கூட நோயின் போக்கு மோசமாகும் வாய்ப்பும் கூடும். அளவுக் குறியைப் பாருங்கள்: சில லேப் சி.ஆர்.பி.யை டெசிலிட்டரில் தரும், அங்கே 1 என்பதே இங்கே 10. டெங்கு, எலிக்காய்ச்சல், ஆறாத புண், ஆபரேஷன் முடிந்த முதல் நாட்கள் என எதுவானாலும் சி.ஆர்.பி. எகிறும், அப்போது எடுத்த மதிப்பெண் செல்லாது.

எண் ஒருமுறை ஏறினால் 2 முதல் 4 வாரத்தில் அதே லேபில் மறுபடி எடுங்கள். இரண்டாம் முறையும் ஏறியிருந்தால் அடுத்த செக்கப் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்; நோட்டோடு கிளம்புங்கள், அநேகமாக சி.டி. ஸ்கேன் எழுதித் தருவார்கள். சில கட்டிகள் சி.இ.ஏ.வைச் சுரப்பதே இல்லை. ஆகவே எண் 2-லேயே நின்றாலும், ஒரு வருஷத்தில் செய்ய வேண்டிய கொலனோஸ்கோப்பியை (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பதை)த் தள்ளிப்போட அது காரணமில்லை.