ஃபெஸ்டிவா, ஜாலியா, மெர்ரியா? சரியான சொல்லைப் பிடிக்கும் வழி

அலுவலகத் தீபாவளி விருந்துக்கு ஆங்கிலத்தில் அழைப்பு எழுத உட்கார்ந்தால், கொண்டாட்டத்தைச் சொல்ல ஏழெட்டுச் சொற்கள் வந்து நிற்கும். ஒத்த சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸ் பக்கம் போகாதீர்கள். அது எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம் என்பதுபோல் வரிசையாகக் கொட்டிவிடும். எனக்குக் கைகொடுத்தது கூகுள் என்கிராம் வியூவர்: ஒரு சொல்லோ தொடரோ புத்தகங்களில் எவ்வளவு புழங்குகிறது என்று வரைபடமாகக் காட்டும் இணையக் கருவி.

படி 1: எதைப் பற்றிச் சொல்கிறோம்? நாள், இடம், சூழல் என்றால் ஃபெஸ்டிவ். சீரியல் பல்பு மின்னும் கடைத்தெரு ஃபெஸ்டிவ். கலகலப்பான ஆள் ஜோவியல். பதவி உயர்வு, கோப்பை என்று காரணத்தோடு கொடுக்கும் விருந்து செலிபிரேட்டரி. சேர்ந்து சாப்பிட்டு அரட்டையடிக்கும் மாலை கன்விவியல். விருந்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஃபெஸ்டல்? பழைய செய்யுளோடு இருக்கட்டும்.

படி 2: ஜாலி. இங்கேதான் தமிழே நம் காலை வாரும். "டூர் செம ஜாலி" என்பதை அப்படியே "தி ட்ரிப் வாஸ் ஜாலி" என்று எழுதினால் பழங்கால ஆங்கிலக் கதைப்புத்தகம் மாதிரி ஒலிக்கும். அங்கே ஃபன் போதும். ஆங்கில ஜாலி, வாய்விட்டுச் சிரிக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பொருந்தும். மெர்ரியிலும் கவனம்: பிரிட்டனில் ஒருவரை "எ பிட் மெர்ரி" என்றால், லேசாகப் போதை ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: சந்தேகம் தீரவில்லையா? என்கிராம் பெட்டியில் ஃபெஸ்டிவ் என்று அடித்து, இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறி போடுங்கள். அதோடு நிறுத்தினால் 'அண்ட்' போன்ற உதிரிகளும் வந்து நிறையும். நட்சத்திரத்தை ஒட்டியே, இடைவெளி இல்லாமல், ஓர் அடிக்கோடும் பெரிய எழுத்துகளில் 'நவுன்' என்பதும் சேர்க்க வேண்டும். அப்புறம் பாருங்கள், அந்தச் சொல்லோடு அதிகம் சேரும் பத்துப் பெயர்ச்சொற்கள் கோடு கோடாக விரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத 'கேஸ் இன்சென்சிடிவ்' வசதியை அணைத்து வையுங்கள். நட்சத்திரத்துக்கும் அதற்கும் ஒத்துவராது.

பிற்சேர்க்கை: "மெர்ரி தீபாவளி" எழுதலாமா என்று கேட்டிருந்தார்கள். இலக்கணம் தடுக்காது, வழக்கம் தடுக்கும். மெர்ரி கிறிஸ்துமஸோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, தீபாவளிக்கு ஹேப்பிதான். இன்னொன்று: நம் விளம்பரங்களில் ஃபெஸ்டிவ் சீசன் என்றால் தசரா, தீபாவளி, பிரிட்டனில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு. லண்டன் கிளைக்கு மெயில் போகிறதென்றால் தேதியையும் சேர்த்துப் போடுங்கள்.