ஆங்கிலக் குற்றச் செய்திகளைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

ஆங்கிலக் குற்றச் செய்தியைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது முதலில் காணாமல் போவது 'அலெஜ்ட்லி' என்ற சொல். 'செய்ததாகக் கூறப்படுகிறது' என்ற பொருளைத் தருவது அதுதான். அதை விட்டுவிட்டால், கொலை செய்ததாகச் சொல்லப்படுபவர் கொலை செய்தவராகவே ஆகிவிடுகிறார். மற்ற எல்லாத் தவறுகளையும்விட இது கொடியது என்பேன். ஒருவரின் வேலையும் குடும்பத்தின் மானமும் அந்த ஒரு சொல்லை நம்பி இருக்கின்றன.

'அக்யூஸ்டு' என்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். விசாரணை முடிந்து, குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அவர் 'கன்விக்ட்', அதாவது குற்றவாளி. கைதான அன்றே ஒருவரைக் 'குற்றவாளி' என்று எழுதுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு.

'சார்ஜ்' (குற்றச்சாட்டு) என்று கண்டதும் எல்லாவற்றையும் 'வழக்குப் பதிவு' என்று மொழிபெயர்ப்பதும் குழப்பம் தரும். இந்தியாவில் எஃப்.ஐ.ஆர். என்பது காவல்துறைக்குக் கிடைத்த முதல் தகவலின் பதிவு மட்டுமே. புலனாய்வை முடித்துக் காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது சார்ஜ்ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. அதைப் படித்துப் பார்த்து நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்வது மூன்றாவது படி. சாட்சி விசாரணை அதன் பிறகுதான்.

'விடுதலை' என்ற சொல்லை நாம் பல இடங்களில் பயன்படுத்துவதால் இன்னொரு தவறு நேர்கிறது. 'பெயில்' கிடைத்தவர் ஜாமீனில் வெளியே வருகிறார். வழக்கு அப்படியே இருக்கிறது. 'டிஸ்சார்ஜ்' என்றால் சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பு. 'அக்விட்டல்' என்றால் விசாரணை முடிந்து, குற்றம் நிரூபிக்கப்படாததால் விடுதலை.

'கன்ஃபெஸ்ட் டு போலீஸ்' என்ற வரியைப் படித்ததும் 'உண்மை வெளிவந்துவிட்டது' என்று முடிவுகட்டக் கூடாது. காவல்துறை அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ள முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சட்டமும் அதையே சொல்கிறது. அவர் சொன்ன தகவலால் ஆயுதமோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படலாம். அடித்துத் துன்புறுத்தி வாக்குமூலம் வாங்கும் வழக்கத்துக்கு எதிரான தடுப்பு இது. 'பரபரப்பு வாக்குமூலம்' என்று தலைப்பிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

திருட்டுச் செய்திகளிலும் கவனம் தேவை. 'தெஃப்ட்' திருட்டு. வன்முறையோ மிரட்டலோ சேர்ந்தால் 'ராபரி', அதாவது கொள்ளை. அதையே ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து செய்தால் இந்தியச் சட்டத்தில் 'டக்காய்ட்டி', கூட்டுக்கொள்ளை. ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைத்துத் திருடுவதை ஆங்கில நாளிதழ்கள் 'பர்க்ளரி' என்கின்றன. நாம் அதையும் கொள்ளை என்றே எழுதிவிடுகிறோம்.

கடைசியாகத் தண்டனை. 'லைஃப் சென்டென்ஸ்' என்றால் 14 ஆண்டு என்று பலர் நம்புகிறார்கள். சட்டப்படி அது வாழ்நாள் முழுவதும்தான். மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரை, தண்டனைக் குறைப்பின் பேரில் அரசு விடுவிக்க நினைத்தாலும் 14 ஆண்டு சிறையில் கழிந்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து வந்த எண் அது. அதேபோல், 10 ஆண்டும் 5 ஆண்டும் 'கன்கரென்ட்லி' என்று செய்தியில் இருந்தால் இரண்டும் ஏககாலத்தில் கழியும். மொத்தம் 10 ஆண்டுதான், 15 அல்ல.