கெர்னல் பில்ட் பாதியில் நின்றால்

உபுண்டுவின் கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பை அப்படியே எடுத்து, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலை சோர்ஸிலிருந்து பில்ட் செய்கிறீர்களா? உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனத்தின் சான்றிதழ்கள் உள்ள 'கெனானிக்கல் சர்ட்ஸ்' கோப்பைக் காணோம் என்று, பில்டை நடத்தும் மேக் கருவி நின்றுவிடும். சோர்ஸில் கோளாறு இல்லை. அந்தச் சான்றிதழ் கெர்னல்.ஆர்க் தளத்தில் இறக்கிய சோர்ஸில் இருக்காது, அவ்வளவுதான். கான்ஃபிக்கை மாற்ற உதவும் மெனுவான மெனுகான்ஃபிக்கில் கிரிப்டோகிராஃபிக் ஏபிஐ பகுதிக்குள் சர்டிஃபிகேட்ஸ் பக்கத்தைத் திறந்து, கூடுதல் எக்ஸ்.509 கீகளுக்கான (சான்றிதழ்களுக்கான) இடத்தையும் ரிவொகேஷனுக்கான (ரத்தான சான்றிதழ்களுக்கான) இடத்தையும் காலியாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

வேறு பிழை என்றால் கடைசி வரியை மட்டும் பார்த்துத் தேடாதீர்கள். பல ஜாப்கள் (பில்டின் வேலைகள்) ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும்போது உண்மையான பிழை மேலே எங்கோ புதைந்திருக்கும்.

கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் நிரம்பினால், மாட்யூல்களை (கெர்னலின் துணைப் பகுதிகளை) நிறுவும்போது 'இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்' மதிப்பை 1 என்று கொடுங்கள். பிழை தேட உதவும் டீபக் தகவல்கள் நீங்கி, பூட் ஆகும்போது முதலில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு வெகுவாகச் சுருங்கும். இடத்துக்காகப் பழைய கெர்னல்களை நீக்கினாலும், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.