அக்டோபர் 21: உயிர்நீத்த காவலரையும் மோப்ப நாயையும் பெயர் சொல்லி நினைவுகூர்வது எப்படி

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21 அன்று காலையில், கடலூர் ஆயுதப்படை மைதானத்திலும் புதுச்சேரி கோரிமேடு காவலர் மைதானத்திலும் பணியின்போது உயிர்நீத்த காவலர்களுக்கு வீரவணக்கம் செலுத்தப்படுகிறது. மலர்வளையம் வைத்து, துப்பாக்கிக் குண்டுகள் முழங்க நடக்கும் அந்த அஞ்சலி, காவல்துறை தன்னுடையவர்களுக்குச் செய்வது. ஆனால் இறந்தவர் ஏதோவொரு தெருவில் வளர்ந்து, ஏதோவொரு பள்ளியில் படித்தவர். அந்தத் தெருவும் அந்தப் பள்ளியும் அவருக்குச் செய்ய வேண்டியது தனியே இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ ஐம்பது பேர் கூடி அதை முறையாகச் செய்வதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளின் வரலாற்றை நீங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 1959 அக்டோபர் 21 அன்று, லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், முந்தைய நாள் சுற்றுக்காவலுக்குச் சென்று திரும்பாத தங்கள் தோழர்களைத் தேடிப் புறப்பட்ட இந்தியக் காவலர்கள் மீது சீனப் படையினர் சுட்டதில் 10 காவலர்கள் உயிரிழந்தார்கள். தேடிப் போனவர்கள் இறந்தார்கள் என்பதைக் குழந்தைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். தேதியை மறந்தாலும் அதை அவர்கள் மறக்க மாட்டார்கள். புதுதில்லி சாணக்கியபுரியில் உள்ள தேசியக் காவலர் நினைவிடம் 2018-இல் இதே அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்டது. அங்கே உயிர்நீத்தவர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பே பெயர்களைத் திரட்டத் தொடங்குங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேளுங்கள். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டையும் தலைமையாசிரியர் அனுமதியோடு பாருங்கள். பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பதவி ஆகிய மூன்றையும் குடும்பத்தாரிடம் காட்டிச் சரிபார்க்காமல் எதையும் அச்சிடக் கூடாது. தலைமைக் காவலராக இருந்தவரைக் காவலர் என்று பதாகையில் போட்டுவிட்டால், அவர் இருபது ஆண்டு உழைத்துப் பெற்றதை நாம் பறித்தவர்களாவோம். புதுச்சேரிக் காவலர் என்றால், சிவப்புத் தொப்பி அணிந்த படம் வீட்டில் இருக்கக்கூடும். அதைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் நெஞ்சில் பதிவது அந்தத் தொப்பிதான்.

குடும்பத்தாரை அணுகுவதே இந்த வேலையில் மிகவும் கடினமான பகுதி, அதில் அவசரமே கூடாது. இறந்து ஓராண்டு நிறையாத வீட்டுக்கு, முதல் திதி முடியும்வரை, நிகழ்ச்சி பற்றிப் பேசப் போகாதீர்கள். போகும்போது இருவராக, அந்தக் குடும்பத்தை முன்பே அறிந்த ஒருவரோடு போங்கள். "அம்மா, நீங்கள் விரும்பினால் மட்டும் செய்கிறோம்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். எப்படி இறந்தார் என்று கேட்காதீர்கள். எப்படி இருந்தார் என்று கேளுங்கள். எந்தப் படத்தை வைப்பது, யார் விளக்கேற்றுவது, மேடைக்கு வர விருப்பமா என்பவற்றை அவர்களே முடிவுசெய்யட்டும். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரோ ஊரோ சாதியோ மேடையில் வரவே கூடாது.

மோப்ப நாய்களையும் இதே நிகழ்ச்சியில் சேர்க்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். நம் மரபில் அதற்குப் பழைய விடை உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. பெயர் ஒன்று, செயல் ஒன்று. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாயை நாம் அறிவதற்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. நீங்கள் எழுதும் குறிப்பும் அப்படியே அமையட்டும். 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்புகளின்போது பணியாற்றிய ஜஞ்சீர் என்ற லேப்ரடார் நாய், 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட ஆர்.டி.எக்ஸ். வெடிபொருளைக் கண்டறிய உதவியது. ஆகவே "மோப்ப நாய்" என்று பொதுவாக எழுதி விட்டுவிடாமல், அது குற்றவாளியின் தடம் பற்றியதா, வெடிகுண்டு தேடியதா, எந்த இனம், எத்தனை ஆண்டு பணி என்று எழுதுங்கள். அதை வளர்த்துப் பயிற்றுவித்த காவலரை அழைத்து, அவரையே இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். அவருக்குக் குரல் தழுதழுத்தால் யாரும் இடையில் கைதட்ட வேண்டாம்.

நிகழ்ச்சி அரை மணி நேரத்துக்கு மேல் நீளாமல் இருக்கட்டும். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். எனவே திறந்தவெளியை நம்பாமல், பள்ளித் தாழ்வாரத்தையோ சமுதாயக் கூடத்தையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காற்றில் அணையாதபடி அகல்விளக்கைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வையுங்கள். மலர்வளையத்துக்குச் சம்பங்கியும் ரோஜாவும் போதும், நெகிழி உறை வேண்டாம். துப்பாக்கி முழக்கத்துக்குப் பதிலாகப் பட்டாசு வெடிக்கும் எண்ணம் தீபாவளிச் சமயத்தில் யாருக்காவது வரும், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். துப்பாக்கிச் சூட்டில் கணவரை இழந்த பெண் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கலாம்.

பெயர்களை வாசிக்க நல்ல உச்சரிப்புள்ள மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மூன்று நாள் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின் நாலைந்து நொடி இடைவெளி விட வேண்டும். எல்லாப் பெயர்களும் முடிந்தபின் இரண்டு நிமிட மௌனம், அதன்பின் குடும்பத்தார் முதலில் மலர் தூவ, மற்றவர்கள் வரிசையாகத் தூவலாம். அரசியல் பேச்சும் பொன்னாடையும் இதில் இடம்பெற வேண்டாம்.

அன்று வாசித்த பெயர்களையும் குறிப்புகளையும் கெட்டி அட்டை போட்ட நோட்டில் கையால் எழுதி, ஒரு பிரதியைக் குடும்பத்தாருக்கும் இன்னொன்றைப் பள்ளி நூலகத்துக்கும் கொடுங்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் யார் அந்த நோட்டை எடுத்துப் பணியைத் தொடங்குவது என்பதையும், கூட்டம் கலையும் முன்பே ஒருவர் பெயரைக் குறித்து முடிவுசெய்துவிடுங்கள்.