மாஸ்டர் ஷீட்டிலிருந்து சொந்த ஆய்வுக்கு: ஐந்து படிகள்

எம்.எஸ்ஸி. நர்சிங் தீசிஸ் காலம் வந்தால், சேலத்தில் புள்ளியியல் தெரிந்தவர் மேசையில் மாஸ்டர் ஷீட்டுகள் (மாணவிகள் சேகரித்த தரவு அட்டவணைகள்) குவியும். டி டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டு, பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஒரே சிக்கல் மூன்று தீசிஸில் தலைகாட்டினால், அதை விடாதீர்கள்.

படி 1: நோட்டுப் போடுங்கள். வேலைக்கு ஒரு வரி: ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை முறை அளந்தார்கள், கன்ட்ரோல் குரூப் (ஒப்பிடுவதற்காகச் சிகிச்சை தராமல் அளக்கும் குழு) உண்டா, எங்கே இடறியது. பெயரும் தரவும் வேண்டாம், அவை மாணவியுடையவை. கேள்வி மட்டும் உங்களுக்கு.

படி 2: திரும்ப வருவதைப் பிடியுங்கள். ஏற்காடு காபித் தோட்டத் தொழிலாளர்களில் சிஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 140-க்குக் குறையாத 60 பேருக்கு (ஏன் 60 என்றால், சீனியர் 60 எடுத்தார்!) ஒரு மாதம் மூச்சுப்பயிற்சி தந்து மறுபடி அளப்பதாக வைப்போம். அழுத்தம் இறங்கும். பயிற்சியாலா? மேடேறி வந்த வேகத்தில் அன்று மட்டும் 140-ஐத் தொட்டவரும் அந்த 60-இல் இருப்பார். அடுத்த முறை தானாகவே இறங்குவார். கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் கண்ட அதே ‘சராசரிக்குத் திரும்புதல்’.

படி 3: எக்செலில் செய்து பாருங்கள். 1000 வரிசை. முதல் பத்தியில் (column) ஒவ்வொருவரின் வழக்கமான அழுத்தம்: சராசரி 130, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 12.5, நார்ம்.இன்வ் (NORM.INV) சூத்திரத்துக்குள் ரேண்ட் (RAND) போட்டால் வந்துவிடும். அடுத்த மூன்று பத்திகளும் மூன்று அளவீடுகள்: வழக்கமான அழுத்தத்தோடு, சராசரி 0, விலக்கம் 8.2 உள்ள புதுப்புது எண்ணைக் கூட்டுங்கள். மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் கணக்கே கெட்டுவிடும்.

பிறகு எல்லாவற்றையும் காப்பி செய்து, வேல்யூஸ் மட்டும் பேஸ்ட் செய்யுங்கள். மறந்தால் ஷீட்டில் ஒவ்வொரு மாற்றத்திலும் எண்கள் மாறி, வடிகட்டிய பட்டியலில் 120-ம் நிற்கும். இப்போது முதல் அளவீடு 140-க்குக் குறையாதவர்களை வடிகட்டுங்கள். ஏறக்குறைய 250 பேர் மிஞ்சுவார்கள். முதல் அளவீட்டின் சராசரி 149-ஐ ஒட்டி வரும்; இரண்டாவது 143. சிகிச்சையே இல்லாமல் 6 புள்ளி போச்சு! 60 பேரில் இதற்கே டி மதிப்பு 4-ஐ ஒட்டி வரும்; தற்செயல் அல்ல என்று டி டெஸ்ட் சொல்லிவிடும் அளவு அது.

மூன்றாவது அளவீடும் 143-தான். அதனால் தேர்வுக்கு ஒரு அளவீடு, ‘முன்’ மதிப்புக்கு இன்னொன்று என்று பிரித்தாலே இந்தப் பொய் இறக்கம் மறைகிறது. கன்ட்ரோல் குரூப் வைப்பது அதைவிட நல்லது.

படி 4: 8.2-ஐ 4 ஆக்குங்கள். இறக்கம் ஒன்றரைப் புள்ளிதான். 12 ஆக்கினால் 10.

படி 5: அந்த 8.2 நாம் ஊகித்த எண். மலையில் உண்மையில் எவ்வளவு? உங்கள் ஆய்வுக் கேள்வி அதுதான். சிகிச்சை எதுவும் வேண்டாம். அதே ஆட்களை வெவ்வேறு நாட்களில் அளந்தால் போதும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தமிழில் ஒப்புதல் படிவமும் முதலில் கையில் இருக்கட்டும். அளக்கும்போது 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வையுங்கள். சட்டைக் கைக்கு மேல் கஃப் (கையைச் சுற்றும் காற்றுப்பட்டை) கட்டாதீர்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். யாரை எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்பதற்கும் ஷீட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.