ஷாட், கிரிட் வைத்து பிளாஸ்டிங் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துவாக்குடி பக்கம் பாய்லர் பாகம் செய்யும் பட்டறையோ, நாகப்பட்டினத்தில் இரும்புப் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடமோ, பெயிண்ட் உரிந்தால் உடனே பெயிண்ட் கம்பெனியைத்தான் திட்டுகிறார்கள். பல நேரம் கோளாறு பிளாஸ்டிங்கிலேயே இருக்கும், அதாவது பெயிண்டுக்கு முன்னால் ஷாட், கிரிட் என்னும் இரும்புத் துகளை வேகமாக அடித்துத் துருவை நீக்கும் வேலையில்.

கொள்ளிடத்து மணல் கிடைக்கிறதே என்று அந்தத் துகளுக்குப் பதிலாக அதை வைத்து அடிக்கவே அடிக்காதீர்கள். ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிக்கா. உடைந்து பறக்கும் தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் அதைக் குணப்படுத்த வழியே இல்லை. பக்கத்தில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் இதே ஆபத்துதான், அவருக்கு ஒரு நல்ல மாஸ்க்கூட யாரும் கொடுப்பதில்லை.

அப்புறம், ஷாட்டும் கிரிட்டும் ஒன்றுதான் என்று விலை பார்த்து வாங்குவது. ஷாட் உருண்டை, வார்ப்பில் ஒட்டிய மணலை உதிர்க்கவும், ஸ்பிரிங் மாதிரியானவற்றைத் தட்டி உறுதியாக்கவும் அது சரி. எபாக்ஸி பெயிண்ட் பிடிக்க 50 முதல் 75 மைக்ரான் வரை கூரான சொரசொரப்பு கேட்டிருந்தால் மூலையுள்ள கிரிட்தான் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சாதாரண ஸ்டீல் கிரிட் அடிக்கவே கூடாது, பதிந்த துகள் அப்படியே துருப்புள்ளியாகக் கிளம்பும்.

டெல்டாவில் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் கிரிட் துருப்பிடித்துக் கட்டியாகி, கடைசியில் துகள் பாயும் குழாய் முனையான நாசிலை அடைத்துக்கொண்டு நிற்கும். மூட்டையைப் பலகை மேல் அடுக்கி, வாயை இறுக்கிக் கட்டி வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, இரும்பின் வெப்பநிலை பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ வேலையைத் தள்ளிப் போடுங்கள். சாயங்காலம் அடித்துவிட்டு காலையில் பிரைமர் (முதல் பூச்சு) போடலாம் என்று விட்டால், வெள்ளிபோல இருந்த தகடு விடியும்போது துருவால் மஞ்சள் பூத்து நிற்கும், மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

இயந்திரத்தில் இருக்கும் பழைய கிரிட்டை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவதும் தவறு. பெரிய துகள் துருவைப் பெயர்க்கும், தேய்ந்த சின்னத் துகள் இடுக்குகளைச் சுத்தம் செய்யும், இரண்டும் கலந்திருந்தால்தான் வேலை ஒரே சீராக வரும். தினமும் தேய்ந்து குறைந்துபோன அளவுக்குப் புதியதைச் சேர்த்தால் போதும்.

கிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் ஊற்றி ஒரு பிடி கிரிட்டைப் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் விடுங்கள். மேலே எண்ணெய் மினுமினுத்தால் அந்த கிரிட்டை நிறுத்திவிட்டு, கம்பிரசர் காற்றை ஒரு வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள். கறை விழுந்தால் எண்ணெய் அங்கிருந்துதான் வருகிறது.