ஆக்டேவில் பேக்கேஜ் போடுவது எப்படி: நிறுவுவது வேறு, ஏற்றுவது வேறு

மேட்லாப் என்ற கட்டணக் கணக்கீட்டு மென்பொருளில் நன்றாக ஓடிய ப்ரோகிராமை, அதற்கு இலவச மாற்றான ஆக்டேவில் போட்டால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது, ‘பட்டர்’ என்ற ஃபில்டர் ஃபங்ஷன் இல்லையாம். இந்த இடத்தில்தான் பலர் ‘இலவச மென்பொருள் என்றால் இப்படித்தான்’ என்று மூடிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய ஃபில்டர் ஃபங்ஷன் இரண்டு கட்டளை தூரத்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்த எர்ரர் செய்தியைக் கடைசிவரை படியுங்கள். அது இரண்டு விதமாக வரும். ஒன்று, இந்த ஃபங்ஷன் சிக்னல் பேக்கேஜைச் சேர்ந்தது (பேக்கேஜ் என்பது ஆக்டேவோடு தனியாகச் சேர்க்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பு), அந்தப் பேக்கேஜ் உங்கள் கணினியில் நிறுவப்பட்டதாகத் தெரியவில்லை என்று சொல்லும். இன்னொன்று, பேக்கேஜை நிறுவியிருக்கிறீர்கள், ஆனால் ஏற்றவில்லை என்று சொல்லும். ஆக்டேவில் நிறுவுவது (இன்ஸ்டால்) ஒருமுறை செய்கிற வேலை. ஏற்றுவது (லோட்) ஆக்டேவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது. இது புரியாமல் ஒரே பேக்கேஜை நான்கு முறை நிறுவிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் காத்திருந்தார்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள். ஆக்டேவின் பேக்கேஜ் கட்டளைகள் எல்லாமே ‘பிகேஜி’யில் தொடங்கும், பேக்கேஜ் என்பதன் சுருக்கம், மூன்றே எழுத்து. ‘பிகேஜி லிஸ்ட்’ என்று அடித்தால் ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ்கள் பதிப்பு எண்ணோடு வரும், ஏற்றியவற்றின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். விண்டோஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் இதோடு வேலை முடிந்தது. விண்டோஸ் இன்ஸ்டாலரிலேயே சிக்னல், கன்ட்ரோல், இமேஜ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உட்பட நிறையப் பேக்கேஜ்கள் கூடவே வருகின்றன, நீங்கள் ‘பிகேஜி லோட் சிக்னல்’ என்று ஏற்றினால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள், ஆக்டேவை நிறுவும்போது பெயரில் இடைவெளி இல்லாத போல்டராகக் கொடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஏதாவது பேக்கேஜைக் கம்பைல் செய்யும்போது (மூல நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது) தொல்லை வரும்.

ஏற்றும் வரியை எங்கே வைப்பது? உங்கள் ஹோம் போல்டரில் ‘.ஆக்டேவ்ஆர்சி’ என்ற ஃபைலில் (முன்னால் உள்ள புள்ளியை விட்டுவிடாதீர்கள்) எழுதினால் ஆக்டேவ் திறக்கும்போதே ஏற்றிவிடும். வசதிதான், ஆனால் நான் அப்படிச் செய்வதில்லை. உங்கள் கணினியில் ஓடும் ப்ரோகிராம் நண்பர் கணினியில் ஓடாது, காரணமும் அவருக்குத் தெரியாது. ப்ரோகிராமின் தலையிலேயே ‘பிகேஜி லோட்’ வரியை எழுதிவிடுங்கள், படிப்பவருக்கும் எது தேவை என்று தெரியும்.

சரி, லினக்ஸ். இங்கே இரண்டு வழி இருக்கிறது. உபுண்டு, டெபியன் என்றால் முதலில் டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆக்டேவ்-சிக்னல்’ என்று அடித்துப் பாருங்கள், ஆப்ட் என்பது அவற்றின் மென்பொருள் நிறுவும் கருவி. கம்பைல் எதுவும் இல்லாமல், தேவையான மற்றதையும் சேர்த்து ஒரு நிமிடத்தில் வந்துவிடும். புதிதாக வருபவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஆக்டேவையே ஃப்ளாட்பேக், ஸ்னாப் போன்ற, தனிப் பெட்டிக்குள் நிறுவும் முறைகளில் போட்டிருந்தால் ஆப்ட் கொண்டுவருவது அதன் கண்ணுக்குத் தெரியாது, அப்போது இரண்டாவது வழிதான்.

இரண்டாவது வழி ஆக்டேவின் உள்ளேயிருந்தே நிறுவுவது: ‘பிகேஜி இன்ஸ்டால் -ஃபோர்ஜ் கன்ட்ரோல்’, அது முடிந்ததும் ‘பிகேஜி இன்ஸ்டால் -ஃபோர்ஜ் சிக்னல்’. ‘ஃபோர்ஜ்’ என்பது ஆக்டேவ் பேக்கேஜ்களின் இணையக் களஞ்சியம். சிக்னலுக்குக் கன்ட்ரோல் தேவை, அதனால்தான் அந்த வரிசை. இது மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும். அதற்குக் கம்பைலரும் ஆக்டேவின் டெவலப்மென்ட் ஃபைல்களும் வேண்டும். ‘எம்கேஆக்ட்ஃபைல்’ (கம்பைல் செய்ய உதவும் ஆக்டேவ் கருவி) கிடைக்கவில்லை என்ற மாதிரி எர்ரர் வந்தால் குறை அங்கேதான். உபுண்டுவில் ‘ஆக்டேவ்-டெவ்’ என்பதை ஆப்ட் மூலம் போடுங்கள், பழைய உபுண்டுவில் அதன் பெயர் ‘லிப்ஆக்டேவ்-டெவ்’. இமேஜ் போன்ற பெரிய பேக்கேஜ்கள் கம்பைல் ஆகும்போது திரையில் ஒன்றுமே நகராது, தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். இன்ஸ்டாலுக்குப் பக்கத்தில் ‘-வெர்போஸ்’ சேர்த்தால் உள்ளே நடப்பதெல்லாம் ஓடும், எர்ரர் வந்தாலும் எங்கே என்று தெரியும்.

நெட் இல்லாத ஆய்வகத்திலும் செய்யலாம். ஒரு கல்லூரியில் அப்படித்தான் செய்தோம். வெளியே ஒரு கணினியில் கன்ட்ரோல், சிக்னல் இரண்டின் ‘டார்.ஜிஇசட்’ (சுருக்கிக் கட்டிய) ஃபைல்களையும் இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போனோம். ஆக்டேவில் அந்த போல்டருக்குப் போய் ‘பிகேஜி இன்ஸ்டால்’ என்று அடித்து ஃபைல் பெயரை முழுதாகக் கொடுக்க வேண்டும், ‘-ஃபோர்ஜ்’ கூடாது. அன்று முதல் மூன்று கணினிகளில் சிக்னலை முதலில் போட்டோம், கன்ட்ரோல் இல்லை என்று மறுத்துவிட்டது. நெட் இல்லாதபோது வரிசையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபைலை அவிழ்க்கவும் வேண்டாம், அப்படியே கொடுங்கள்.

போட்டதும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு: சிக்னலை ஏற்றிவிட்டு, பட்டருக்கு 2, 0.5 என்று இரண்டு எண் கொடுங்கள், விடையை பி, ஏ என்ற இரண்டு மாறிகளில் வாங்குங்கள். பி-யில் 0.2929, 0.5858, 0.2929 வர வேண்டும். ஏ-யில் 1, சுழியம் அல்லது சுழியத்துக்கு மிக நெருங்கிய ஓர் எண், அப்புறம் 0.1716. இது வந்துவிட்டால் கன்ட்ரோல், சிக்னல் இரண்டும் சரியாக உட்கார்ந்திருக்கின்றன.

எல்லாம் சரியாகச் செய்தும் நிறுவ மறுத்தால் பதிப்புப் பொருத்தத்தைப் பாருங்கள். உபுண்டு 22.04-இல் கிடைப்பது ஆக்டேவ் 6.4, 24.04-இல் 8.4. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போல வேகமாக வளரும் பேக்கேஜின் புதிய பதிப்பு பழைய ஆக்டேவை ஏற்காது, எந்தப் பதிப்பு வேண்டும் என்று எர்ரரிலேயே சொல்லும். ஆக்டேவைப் புதுப்பிக்க முடிந்தால் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் அந்தப் பேக்கேஜின் பழைய ‘டார்.ஜிஇசட்’டை இறக்கி மேலே சொன்னபடி போடுங்கள். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பழைய பேக்கேஜ்கள் காணாமல் போனது போலவோ உடைந்தது போலவோ இருந்தால் பதறாமல் மறுபடி நிறுவுங்கள், கம்பைல் ஆனவை அந்தந்தப் பதிப்புக்கு உரியவை.

சிம்பாலிக் பேக்கேஜ் மட்டும் தனி ரகம். வகைக்கெழு, தொகையீடு எல்லாம் எழுத்தாகவே செய்து தரும், ஆனால் உண்மையான வேலையைப் பின்னால் செய்வது பைத்தான் மொழியின் சிம்பை என்ற கணித நூலகம். அதனால் உபுண்டுவில் ‘பைதான்3-சிம்பை’யையும் ஆப்ட் மூலம் போட்டிருக்க வேண்டும், சிம்பையின் பதிப்பும் பேக்கேஜின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். ஏற்றிய பிறகு ‘சிம்ப்ரெஃப் டயக்னோஸ்’ என்று அடியுங்கள், பைத்தான் கிடைத்ததா, சிம்பை கிடைத்ததா, எந்தப் பதிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். எந்த வரியில் நிற்கிறதோ அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.